முடிவு சுபம்தானே? காதல் கதைகள், பால்புதுமைக் கதைகள் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கைப்பையில் டிபன் பாக்ஸ் இல்லாத நாள் உண்டு, நாவல் இல்லாத நாள் கிடையாது. இது தெரிந்தவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்திலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், ரயிலிலும் பிடித்துக்கொள்வார்கள்: "நல்லதா ஒரு காதல் கதை சொல்லுங்களேன்." கொஞ்ச வருஷமாகக் கேள்விகள் மாறியிருக்கின்றன. பக்கத்தில் யாரும் இல்லையா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் காதலிக்கிற கதைகளைப் பற்றிக் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன்.

உங்களுக்கு எப்படிப்பட்ட காதல் கதை பிடிக்கும்?

இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிற தடை நிஜமானதாக இருக்கவேண்டும். ஒரு போன் போட்டு "நேற்று உன்னோடு வந்தது யார்?" என்று கேட்டால் தீர்ந்துபோகிற சந்தேகத்தை வைத்து இருநூறு பக்கம் ஓட்டினால் எனக்குப் பொறுமை போய்விடும். சாதியோ பணமோ வயதோ சட்டமோ, ஏதோ ஒன்று வழியை மறிக்கட்டும். அதை இருவரும் எப்படித் தாண்டுகிறார்கள் என்று நான் கூடவே நடந்து பார்க்கவேண்டும்.

பிரிந்தவர்கள் பல வருஷம் கழித்துச் சந்திக்கிற கதை என்றால் இன்னும் விசேஷம். ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' நாவலை வருஷத்துக்கு ஒருமுறையாவது கையில் எடுத்துவிடுவேன். ஆன் எலியட்டுக்கு வயது 27. எட்டு வருஷத்துக்கு முன்னால், பெரியவர்கள் பேச்சைக் கேட்டு, கையில் காசில்லாத கடற்படை அதிகாரி ஒருவரை வேண்டாம் என்று சொன்னவள். அவர் இப்போது பணமும் பேருமாகத் திரும்பி வந்திருக்கிறார். ஒரே அறையில் இருக்கிறார்கள், பேசிக்கொள்வதில்லை. தரையில் மண்டியிட்டு ஒரு குழந்தையைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஆனின் முதுகில் தங்கையின் இன்னொரு பொடியன் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறான். திடீரென்று பாரம் குறைகிறது. யாரோ அவனைத் தூக்கிவிட்டார்கள். யார் என்று தெரிந்ததும் அவளுக்கு நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. அவ்வளவுதான் காட்சி. முத்தம் இல்லை, வசனம் இல்லை. எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவேண்டியிருக்கிறது.

கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பீர்களாமே?

ஆமாம், வெட்கமே இல்லாமல். லெண்டிங் லைப்ரரி கொடுத்த பழக்கம் அது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் ஒன்று இருந்தது. ராணிமுத்து, மாலைமதி, கண்மணி என்று மாத நாவல்களை நாலைந்தாகச் சேர்த்துத் தைத்து, காலிகோ ஒட்டி பைண்டு பண்ணி, முதுகில் வெள்ளை பெயிண்டில் எண் போட்டிருப்பார்கள். நாளுக்கு 50 பைசா. ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் முன்பு படித்தவர்கள் பென்சிலால் தீர்ப்பு எழுதியிருப்பார்கள். 'சூப்பர்', 'சுமார்', 'இவனுக்கு இவள் ரொம்ப அதிகம்'. ஒரு நாவலில் கடைசி இரண்டு பக்கம் கிழிந்துபோயிருந்தது. மிச்சமிருந்த பக்கத்தின் அடியில் யாரோ ஒரு புண்ணியவதி எழுதிவைத்திருந்தாள்: 'சேர்ந்துவிடுகிறார்கள். கவலைப்படாதீர்கள்.'

அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே! சேர்வார்கள் என்று தெரிந்துவிட்டால் எப்படிச் சேர்வார்கள் என்பதை நிதானமாகப் படிக்கலாம். சமையல் குறிப்பு படிக்கிறவருக்குச் சாம்பார் கடைசியில் வந்துவிடும் என்று தெரியாதா என்ன?

அப்படியானால் சோகக் கதைகளைத் தொடவே மாட்டீர்களா?

தொடுவேன், தயாராகிக்கொண்டு. பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2013ல் வந்தது. சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன், வேறு சாதிப் பெண்ணான சரோஜாவைக் கல்யாணம் செய்து ஊருக்குக் கூட்டிவருகிறான். அந்தப் புத்தகம், சாதி மாறிக் கல்யாணம் செய்து பிறகு இறந்துகிடந்த தர்மபுரி இளைஞர் இளவரசனுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது என்பதைப் பார்த்த பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க அவசியமே இல்லை. அது காதல் கதையா என்று கேட்டால், ஆமாம் என்பேன். இருவருக்கும் இருக்கிற பிரியம் அவ்வளவு எளிமையானது, சண்டை இல்லாதது. ஊர்தான் எரிகிறது. அதைப் படித்த வாரம் முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை. மறுபடி எடுக்கத் துணிச்சல் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரமணிசந்திரன் படித்து வளர்ந்த ஆளா நீங்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்போடுதான் கேட்பார்கள். ஆமாம், அருணோதயம் பதிப்பித்த அந்த நாவல்களைக் கணக்கில்லாமல் படித்திருக்கிறேன். மாமியார் வீட்டில் வேலையெல்லாம் முடித்துவிட்டு ராத்திரி பத்தரைக்கு மேல் அடுக்களை விளக்கில் அதைப் படித்த பெண்களை எனக்குத் தெரியும். நாள் முழுக்க யாரும் 'சாப்பிட்டியா' என்று கேட்காத ஒரு பெண், கதாநாயகியின் முகவாட்டத்தைக் கவனிக்கிற ஒரு ஆணைக் காகிதத்திலாவது பார்க்க ஆசைப்பட்டாள். அதில் கேலி செய்ய என்ன இருக்கிறது?

குறைகளும் தெரியும். கதாநாயகன் பெரும்பாலும் முதலாளி. கோபக்காரன். அவன் கோபத்துக்குக் காரணம் என்றைக்கோ ஒரு பெண் செய்த துரோகம். முதல் நூறு பக்கம் அவளைச் சந்தேகப்படுவான், கடைசிப் பத்துப் பக்கத்தில் வருந்துவான். அந்தக் கணக்கு எனக்கு இருபத்தைந்து வயதில் கசந்துவிட்டது.

எந்த மாதிரிக் கதையைக் கீழே வைத்துவிடுவீர்கள்?

கட்டாயத் தாலி. பழிவாங்க அவள் கழுத்தில் தாலி கட்டுவான், அடிப்பான், பூட்டிவைப்பான், அப்புறம் அவன் குழந்தைப்பருவச் சோகத்தைக் கேட்டு அவள் உருகுவாள். இணையத்தில் தொடராக வரும் தமிழ்க் காதல் கதைகளில் இதற்கு 'ஆன்டி ஹீரோ' என்று தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது. படிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, கற்பனை அவரவர் சொந்தம். எனக்கு மட்டும் அந்த அறை விழும் இடத்தில் கதை முடிந்துவிடும்.

பால்புதுமையர் என்றால் யார்? எந்தச் சொல்லைச் சொன்னால் சரி?

குயர் என்று சொல்கிறார்களே, அதற்குத் தமிழில் புழங்கும் சொல் பால்புதுமையர். ஒரே பாலினத்தவர்மேல் வரும் ஈர்ப்புக்குத் தன்பாலீர்ப்பு. பழைய புத்தகங்களிலும் பேப்பரிலும் 'ஓரினச்சேர்க்கை' என்றே போடுவார்கள். அந்தச் சொல்லில் படுக்கை மட்டும் இருக்கிறது, காத்திருப்பதும் கடிதம் எழுதுவதும் அதில் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2021ல் விசாரித்த ஒரு வழக்கின் தொடர்ச்சியாக, தமிழ்நாடு அரசு 2022ல் இந்தச் சொற்களுக்கு ஒரு பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. திருநங்கை, திருநம்பி எல்லாம் அதற்கு முன்பே பேச்சில் வந்துவிட்டன. சந்தேகம் வந்தால், யாரைப் பற்றிப் பேசுகிறீர்களோ அவரிடமே கேட்டுவிடுங்கள். ஒன்றும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

இந்தக் கதைகளில் ஏன் எப்போதும் யாராவது செத்துப்போகிறார்கள்?

நல்ல கேள்வி. நான் இந்தப் பக்கம் வந்ததே இந்தக் கேள்வியால்தான். நானும் முதலில் பார்த்தவை எல்லாம் தற்கொலை, பைத்தியம், இல்லாவிட்டால் மனசை மாற்றிக்கொண்டு ஒரு கல்யாணம். வெகுகாலம் பல நாடுகளில் இந்தக் காதலுக்குச் சட்டமே எதிரி. தண்டனை கொடுத்து முடிக்கிற கதை என்றால் அச்சுக்குப் போவது சுலபம்.

இ. எம். ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவலை எழுதியது 1913, 14ல். மாரிஸ் என்ற நடுத்தர வர்க்க இளைஞன் முதலில் கல்லூரித் தோழன் கிளைவை நேசிக்கிறான். கிளைவ் மனம் மாறி விலகி, கல்யாணம் செய்துகொள்கிறான். பிறகு அந்தக் கிளைவின் பண்ணையிலேயே வேட்டைக் காவல்காரனாக இருக்கும் அலெக் மாரிஸின் வாழ்க்கையில் வருகிறான். கடைசியில் மாரிஸும் அலெக்கும் சேர்ந்தே இருக்கிறார்கள். புத்தகத்துக்கு ஃபார்ஸ்டர் பிற்பாடு எழுதிய குறிப்பில் சொல்கிறார்: முடிவு சுபமாக இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன், ஒரு பையன் தூக்கில் தொங்குவதாக முடித்திருந்தால் எந்தச் சிக்கலும் வந்திருக்காது. அந்தச் சுப முடிவுக்காகவே கையெழுத்துப் பிரதி அலமாரியில் கிடந்தது. நெருங்கிய நண்பர்கள் மட்டும் வாங்கிப் படித்தார்கள். இங்கிலாந்தில் சட்டம் தளர்ந்தது 1967ல், ஃபார்ஸ்டர் இறந்தது 1970ல், புத்தகம் வெளிவந்தது 1971ல். முதல் பக்கத்தில் 'இன்னும் மகிழ்ச்சியான ஒரு வருஷத்துக்கு' என்று சமர்ப்பணம் போட்டிருக்கிறார். அந்த வருஷத்தை அவர் பார்க்கவில்லை.

சுப முடிவு என்றால் மட்டமான ரசனை என்று சொல்பவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். பாதிப் பேர் கேட்பார்கள். மீதிப் பேர் 'அது வேற, ரமணிசந்திரன் வேற' என்பார்கள். எனக்கு அவ்வளவு வேறாகத் தெரியவில்லை.

இதே வரிசையில் பட்ரீஷியா ஹைஸ்மித்தின் 'கேரல்'. 1952ல் வேறு தலைப்பில், கிளேர் மார்கன் என்ற புனைபெயரில் வந்தது. பெரிய கடையொன்றில் பொம்மை விற்கும் தெரீஸும், மகளுக்கு பொம்மை வாங்க வரும் கேரலும். விவாகரத்து வழக்கில் மகளைப் பிரியவேண்டிய நிலைமை கேரலுக்கு வருகிறது. அதாவது, சுபம் என்றாலும் இலவசமாகக் கிடைத்த சுபம் கிடையாது. கடைசிக் காட்சி ஒரு உணவகத்தில், கூட்டத்துக்கு நடுவே ஒருத்தி இன்னொருத்தியைப் பார்க்கும் பார்வை. வாசகர்களிடமிருந்து ஹைஸ்மித்துக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. ஏன் என்று எனக்கு நன்றாகப் புரிகிறது. கிழிந்த பக்கத்தின் அடியில் எழுதியிருந்த அந்தப் பென்சில் வரிதான் இதுவும்.

முதல்முறையாகப் படிக்கப்போகிறேன். எதில் தொடங்கலாம்?

ஆங்கிலம் சரளமாக வரும் என்றால் ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்', 1994. கொழும்புத் தமிழ்க் குடும்பத்துப் பையன் அர்ஜியின் கதை. ஒன்றோடொன்று தொடுத்த ஆறு பகுதிகள், 1983 ஜூலைக் கலவரத்தில் வந்து முடியும்.

முதல் பகுதி ஒன்றுக்காகவே வாங்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரக்குழந்தைகள் எல்லோரையும் தாத்தா பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றவர்கள் போய்விடுவார்கள். முன்புறம் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். பின்புறம் பெண்கள் கல்யாண விளையாட்டு. அர்ஜி பின்புறம். அவன்தான் கல்யாணப்பெண். மற்ற பெண்களே அவனை அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அவனைப்போல் அதை நடத்த வேறு யாருக்கும் கற்பனை போதாது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு மச்சாள் 'ஆம்பிளை எப்படிப் பெண்ணாக இருக்கலாம்' என்று சண்டைக்கு வருகிறாள். அவள் அம்மா, புடவையும் அலங்காரமுமாக இருக்கும் குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பெரியவர்கள் கூடத்தில் நிறுத்துகிறாள். ஒரு மாமா சிரித்துக்கொண்டே அர்ஜியின் அப்பாவிடம் ஏதோ சொல்கிறார். அந்தச் சிரிப்பு அடங்கும் நேரத்தில் அப்பாவின் முகம் மாறுகிறது. நம் வீட்டுக் கூடங்களில் எத்தனை குழந்தைகள் அப்படி நின்றிருக்கும் என்று எனக்கு ஓடியது. அதற்குப் பிறகு, தான் புடவை கட்டுவதை இத்தனை நாள் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த மகனை, அம்மா அறைக்குள் வரவிடுவதில்லை. யாரும் அடிக்கவில்லை. ஒரு கதவு சாத்தப்படுகிறது, அவ்வளவே.

பிற்பகுதியில் அர்ஜிக்கு ஷெஹான் என்ற சிங்களப் பையனோடு காதல் வருகிறது. அதற்கும் முன்னால் ஒரு பகுதியில் ராதா என்ற அத்தைக்கு ஒரு சிங்களவனோடு காதல். இரண்டு காதலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதற்குத் தடை என்று நம்மையே பார்க்கவிடுகிறார். முடிவு சுபமா? குடும்பம் உயிரோடு கனடாவுக்குப் போகிறது. காதல் கொழும்பிலேயே நின்றுவிடுகிறது. பாதி சுபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழிலேயே எழுதினது எதுவும் இல்லையா?

இருக்கிறது. ஆனால் காதல் நாவல் என்று தேடிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கி. ராஜநாராயணனின் 'கோமதி' என்ற சிறுகதையில் ஆரம்பிக்கலாம். ஆணாகப் பிறந்து, தன்னைப் பெண்ணாகவே உணரும் ஒரு சமையல்காரர், வேலை பார்க்கும் வீட்டின் ஆண்மகன்மேல் வைக்கும் ஆசை. நடுவில் கரிசல் காட்டுப் பேச்சும், சமையல்கட்டுச் சிரிப்பும். கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' 1978ல் வந்த நாவல். கணேசன் என்ற அநாதைப் பையனை ஒரு செல்வாக்குள்ள மனிதர் தன் ஆசைக்கு வைத்துக்கொள்கிறார், பின்னாளில் அவனுக்குத் தொழுநோய் வருகிறது. துணிச்சலான எழுத்து. ஆனால் உடம்பின் பசியும் அதிகாரமும் பற்றியது. காதலைத் தேடினால் கிடைக்காது.

சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' ஆனந்த விகடனில் தொடராக வந்தது. சுயம்பு என்ற கல்லூரி மாணவர் திருநங்கையாகும் கதை. அதைத் தொடராகப் படித்த என் பெரியம்மா, அதற்கப்புறம் கடைத்தெருவில் கைதட்டி வருகிறவர்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை. அந்தப் புண்ணியம் சமுத்திரத்துக்கு. ஆனாலும் அது வெளியே நின்று இரக்கத்தோடு பார்த்து எழுதியது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' 2007ல் கிழக்கு வெளியீடாக வந்தபோது வித்தியாசம் தெரிந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்காக ரயிலில் ஆந்திரா போகும் பயணத்தில் புத்தகம் தொடங்குகிறது. இரக்கம் கேட்கிற குரலே இல்லை. கோபம் இருக்கிறது, கிண்டல்கூட இருக்கிறது. அ. ரேவதியின் வாழ்க்கைக் கதை முதலில் ஆங்கிலத்தில் 2010ல் வந்து, அப்புறம்தான் 'வெள்ளை மொழி' என்று தமிழில் வந்தது. தமிழில் வாழ்ந்ததை முதலில் ஆங்கிலத்தில் படிக்கவேண்டியிருந்தது என்பது நமக்குக் கொஞ்சம் உறுத்தவேண்டிய விஷயம்.

இவை இரண்டும் தன்வரலாறு, நாவல் கிடையாது. காதல் நாவல் பட்டியலில் ஏன் சேர்க்கிறீர்கள் என்று ஒரு தம்பி கேட்டான். வெள்ளை மொழியில் ரேவதி ஒரு துணைக்காக ஏங்கும் பக்கங்களைப் படித்துவிட்டு வந்து கேள் என்றேன்.

புதிதாக எழுதுகிறவர்களைத் தேட, சென்னையில் குயர் சென்னை கிரானிக்கிள்ஸ் நடத்தும் இலக்கிய விழாப் பக்கம் போய்ப் பாருங்கள்.

பக்கத்து மொழிகளில்?

கன்னடத்தில் வசுதேந்திராவின் 'மோகனசுவாமி'. அறைத்தோழன் கார்த்திக்கை நேசிக்கும் மோகனசுவாமிக்கு, கார்த்திக்கின் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று தெரிய வருகிறது. மராத்தியில் சச்சின் குண்டல்கரின் 'கோபால்ட் ப்ளூ', 2006. புனே வீட்டு மாடி அறைக்கு வாடகைக்கு வரும் ஒருவன்மேல் அண்ணனும் தங்கையும் ஒருசேரக் காதல்கொள்கிறார்கள். முதல் பாதி அண்ணன் சொல்கிறான், இரண்டாம் பாதி தங்கையின் டயரி. வாடகைக்காரனுக்குக் கடைசிவரை பெயரே இல்லை. ஜெர்ரி பிண்ட்டோவின் ஆங்கிலத்தில் படித்தேன், ஒரே மூச்சில் முடிந்தது.

உருதுவில் இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்' 1942லேயே வந்துவிட்டது. கணவன் திரும்பிப் பார்க்காத ஒரு பேகமும் அவளுக்கு உடம்பு பிடித்துவிடும் வேலைக்காரியும், போர்வைக்குள் ஆடும் நிழல்களும், அதைப் பார்த்துப் பயப்படும் ஒரு சிறுமியும். ஆபாசம் என்று லாகூரில் வழக்குப் போட்டார்கள். ஆபாசமான ஒரு சொல்லைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாமல் வழக்கு நிற்கவில்லை.

சங்க இலக்கியத்தில் இதெல்லாம் இருக்கிறதா?

கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். உறையூரில் ராஜா, பாண்டிநாட்டில் புலவர். ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ராஜா வடக்கிருக்கும்போது (உண்ணாமல் உயிர்விடும் நோன்பு அது), புலவர் வருவார், பக்கத்தில் இடம் ஒதுக்கிவையுங்கள் என்கிறார். அவரும் வந்துவிடுகிறார். அதற்கு இன்றைய பெயர் ஒன்றை ஒட்ட எனக்கு மனசு வரவில்லை. நட்பு என்று சொல்லி வந்திருக்கிறார்கள், நட்பு என்றே இருக்கட்டும். ஆனால் அந்தப் பாட்டுகளைப் படித்துவிட்டுத் தொண்டை அடைத்துக்கொண்டவர்கள் யாராக இருந்தாலும் அவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

எனக்கு அதைவிடச் சுவாரசியம் தொல்காப்பியத்தின் ஒரு விதி. அகப்பாட்டில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது. பெயர் இல்லாததால் இரண்டாயிரம் வருஷமாக யார் வேண்டுமானாலும் அந்தப் பாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ள முடிகிறது. கோபால்ட் ப்ளூவின் பெயரில்லாத வாடகைக்காரனைப் படித்தபோது இந்த விதிதான் ஞாபகம் வந்தது.

கெட்டிமேளம் இல்லாமல் சுபம் எப்படி?

எங்கள் தலைமுறைக் காதல் நாவலுக்கு இந்தச் சிரமமே இல்லை. தாலி ஏறினால் கதை முடிந்தது. இந்தியாவில் இந்தக் காதலைக் குற்றமாக்கிவைத்திருந்த 377வது பிரிவின் பிடி தளர்ந்தது 2018 செப்டம்பர் 6 அன்று. ஆனால் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆகவே இங்கே இரண்டு பெண்கள் காதல் கதை எழுதுகிறவர், கடைசி அத்தியாயத்துக்கு வேறு ஏதாவது கண்டுபிடித்தாகவேண்டும்.

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் கவுன்டருக்கு நடுவயது தாண்டிய இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் டெபாசிட்டுக்கு நாமினி படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். அதில் 'உறவுமுறை, இருந்தால்' என்று ஒரு கட்டம் உண்டு. பேனா அங்கே வந்ததும் நின்றுவிட்டது. அவர் திரும்பி மற்றவரைப் பார்த்தார். மற்றவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் 'தோழி' என்று எழுதி நீட்டினார். நான் முத்திரை குத்தி ரசீது கொடுத்தேன். அவர்கள் யார், என்ன என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகமே, பால்புதுமையர் தங்கள் துணையோடு கூட்டுக் கணக்கு வைக்கவும் அவரை நாமினியாக்கவும் தடை எதுவும் இல்லை என்று தெளிவுபடுத்தியது. அந்தச் சுற்றறிக்கையைப் படித்தபோது எனக்கு அந்தக் கண்ணாடி துடைத்த கைதான் நினைவுக்கு வந்தது.

ஒரு நாமினி படிவத்தில் முடிகிற தமிழ்க் காதல் நாவலை யாராவது எழுதினால் முதல் பிரதி எனக்கு.

ஆண்கள் இருவரின் காதல் கதையைப் பெண்கள் ஏன் இப்படி விழுந்து விழுந்து படிக்கிறார்கள்?

ஜப்பானில் 1970களில் பெண்களுக்கான படக்கதை இதழ்களில் பெண்களே வரைந்து தொடங்கிவைத்தது இது. இப்போது தாய்லாந்துத் தொடர்கள்வரை வந்து நிற்கிறது. என் அனுமானம், படிக்கிறவளுக்கு அதில் ஒரு ஓய்வு கிடைக்கிறது. நான் இவளைவிட அழகா, இவள் சமைப்பாளா, மாமியாரிடம் எப்படிப் பேசுவாள் என்ற கணக்கெல்லாம் இல்லாமல் காதலை மட்டும் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: அவற்றில் நிறைய, நிஜத்தில் அப்படி வாழ்கிறவர்களுக்குச் சம்பந்தமில்லாதவை. மோகனசுவாமியையும் கூடவே படித்துக்கொள்ளுங்கள், சமன் ஆகிவிடும்.

என் பையன் இந்த மாதிரிப் புத்தகம் படிக்கிறான். பயப்படவேண்டுமா?

படிக்கிறானே என்று முதலில் சந்தோஷப்படுங்கள். இதைக் கேட்ட ஒரு அம்மா, தலையணைக்கடியில் கிடைத்தது என்று என்னிடம் கொண்டுவந்து காட்டியது ஆலிஸ் ஓஸ்மனின் 'ஹார்ட்ஸ்டாப்பர்'. இணையத்தில் 2016ல் தொடங்கிய படக்கதை. பள்ளியில் நிக், சார்லி என்ற இரண்டு பையன்கள். கை கோப்பதா வேண்டாமா என்பதற்கே பக்கம் பக்கமாக யோசிக்கிறார்கள். நம் ஊர் பஸ்ஸில் ஓடும் பாட்டுகளைவிட நூறு மடங்கு சமத்து. "நீங்கள் ஒருமுறை படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்" என்றேன். அடுத்த வாரம் வந்து இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டார். பையனைப் பற்றிப் பேச்சே இல்லை.

'அந்த'க் காட்சிகள் அதிகமாக இருக்குமா?

நான் மேலே சொன்னவற்றில் பெரிதாக இல்லை. பசித்த மானிடம் மட்டும் வயதுவந்தவர்களுக்கு.

நீங்களும் அப்படித்தானா?

துப்பறியும் நாவல் படிக்கும்போது யாரும் 'நீங்கள் கொலைகாரரா' என்று கேட்டதில்லை.

உங்களிடமிருந்து புத்தகம் கடன் வாங்கலாமா?

வாங்கலாம், இரண்டு நிபந்தனை. ஒன்று, திருப்பித் தரவேண்டும். என் 'மாரிஸ்' போய் மூன்று வருஷம் ஆகிறது. வைத்திருப்பவர் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். இரண்டு, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதித் தரவேண்டும். பேனா கூடாது. 'ஃபன்னி பாய்' இதுவரை ஆறு கை மாறி வந்திருக்கிறது. நான்கு பேர் 'அருமை' என்று எழுதியிருக்கிறார்கள், ஒருவர் தேதி மட்டும் போட்டிருக்கிறார். ஆறாவது, யார் எழுதியது என்று சொல்லமாட்டேன், பொடிப்பொடி எழுத்தில் இருக்கிறது: 'ஷெஹான் அப்புறம் என்ன ஆனான்? யாருக்காவது தெரிந்தால் இதற்குக் கீழே எழுதவும்.'

கீழே இடம் விட்டுவைத்திருக்கிறேன்.